தபால் தலையே பணமான கதை: சில்லறை தீர்ந்துபோன காலனி நாடுகள் என்ன செய்தன?

கடையில் 48 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு 50 ரூபாய் நோட்டை நீட்டினால், மீதி 2 ரூபாய்க்குக் கடைக்காரர் இரண்டு மிட்டாயைத் தள்ளிவிடுவார். "சில்லறை இல்லைங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க". யுபிஐ வந்த பிறகு இது குறைந்திருக்கிறதே தவிர, இதை அனுபவிக்காத ஆள் நம்ம ஊரில் இருக்க வாய்ப்பில்லை.

இதே பிரச்சினை ஒரு கடையில் இல்லாமல் ஒரு நகரத்துக்கே வந்தால்? கூலி கொடுக்கக் காசில்லை. கூலி வாங்கியவர் கடையில் கொடுக்கக் காசில்லை. வங்கியிலும் இல்லை, அரசுக் கஜானாவிலும் இல்லை. ஆனால் தபால் தலைகள் மட்டும் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

126 ஆண்டுகளுக்கு முன்பு, 1900-ல், ஆப்பிரிக்காவின் புலவாயோ நகரத்தில் இதுதான் நிலைமை. இன்றைய ஜிம்பாப்வேயின் இரண்டாவது பெரிய நகரம் அது. அங்கிருந்த அதிகாரி ஒருவர் தபால் தலையை அட்டையில் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, பணமாகப் புழக்கத்தில் விட்டார். அவர் மட்டுமில்லை. மடகாஸ்கர், ஐவரி கோஸ்ட், இரண்டாம் உலகப்போர் கால இலங்கை எனப் பல காலனி நாடுகளில் இதே மாதிரி நடந்திருக்கிறது.

புலவாயோவில் காசு எங்கே போனது?

அப்போது அந்தப் பகுதிக்கு ரொடீசியா என்று பெயர். நேரடியாக பிரிட்டிஷ் அரசு ஆளவில்லை. செசில் ரோட்ஸ் என்ற வைர வியாபாரி நிறுவிய 'பிரிட்டிஷ் சவுத் ஆப்பிரிக்கா கம்பெனி' ஆண்டது. நம்ம ஊர் கிழக்கிந்தியக் கம்பெனி மாதிரிதான். 1889-ல் ராணியிடம் சாசனம் வாங்கிக்கொண்டு, சொந்தப் போலீஸ், சொந்த வரி, சொந்தத் தபால் தலை என்று ஒரு நாட்டையே நடத்தியது அந்தக் கம்பெனி. ஆனால் சொந்த நாணயம் மட்டும் கிடையாது. இங்கிலாந்தில் அச்சடித்த பவுன், ஷில்லிங், பென்னி நாணயங்கள்தான் புழக்கத்தில் இருந்தன.

அந்த நாணயங்கள் எப்படி வரும்? கப்பலில் கேப் டவுன் வரை. அங்கிருந்து ரயிலில். 1897-ல்தான் ரயில் பாதை புலவாயோவைத் தொட்டது. அந்தப் பாதை மஃபெக்கிங் என்ற சின்ன ஊர் வழியாக வந்தது.

1899 அக்டோபரில் பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் போர் வெடித்தது. போயர்கள் முதலில் சுற்றி வளைத்த ஊர்களில் ஒன்று இந்த மஃபெக்கிங். 217 நாட்கள் முற்றுகை. 1900 மே 17 அன்றுதான் விடுபட்டது. அதுவரை புலவாயோவுக்குத் தெற்கே இருந்து ரயில் கிடையாது. கிழக்கே போர்ச்சுகீசியர்களின் பெய்ரா துறைமுகம் வழியாக ஒரு பாதை இருந்தது. ஆனால் அந்த ரயில் சாலிஸ்பரி வரைதான், அதாவது இன்றைய ஹராரே வரை. சாலிஸ்பரியையும் புலவாயோவையும் இணைக்கும் ரயில் பாதை 1902-ல்தான் முடிந்தது. நடுவில் 400 கிலோமீட்டருக்கு மேல் மாட்டு வண்டியும் கோச் வண்டியும்தான். மாவும் மருந்தும் வருவதே பெரும்பாடு என்கிற நேரத்தில், மூட்டை மூட்டையாக வெள்ளி நாணயத்தை யார் ஏற்றி வருவது?

மஃபெக்கிங்குக்கு உள்ளேயும் இதே கூத்துதான் என்பது ஒரு கிளைக்கதை. முற்றுகையில் மாட்டிக்கொண்ட ஊருக்குள் ராணுவத் தளபதி பேடன் பவல் தனியாக நோட்டு அச்சடித்தார். தபால் தலையும் அச்சடித்தார்கள், அதில் ஒன்றில் அவர் தலையே இருந்தது. ஆமாம், பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய அதே பேடன் பவல்.

அட்டையில் என்ன எழுதியிருந்தது?

புலவாயோவில் அப்போது சிவில் கமிஷனராக இருந்தவர் ஹியூ மார்ஷல் ஹோல். காசு இல்லை, நோட்டு அச்சடிக்க வசதியும் நேரமும் இல்லை. ஆனால் கம்பெனியின் தபால் தலைகள் கையிருப்பில் இருந்தன. சின்ன அட்டை ஒன்றை அச்சடிக்கச் சொல்லி, அதில் ஒரு தபால் தலையை ஒட்டி, நிர்வாக அலுவலகத்தின் வட்ட முத்திரையைக் குத்தி, தன் கையெழுத்துடன் வெளியிட்டார். 3 பென்னி, 4 பென்னி, 6 பென்னி, 1 ஷில்லிங் என்று தொடங்கி 10 ஷில்லிங் வரை பல மதிப்புகளில் வந்தன. சேகரிப்பாளர்கள் இவற்றை இன்றும் 'மார்ஷல் ஹோல் அட்டை' என்றுதான் சொல்கிறார்கள்.

அட்டையில் இருந்த வாசகத்தின் சாரம் இது: இந்த அட்டையைக் கொண்டுவருபவருக்கு, இதில் ஒட்டியிருக்கும் தபால் தலையின் முகமதிப்பை ரொக்கமாகக் கொடுக்கவும், 1900 ஆகஸ்ட் 1 முதல் மாற்றிக்கொள்ளலாம், அக்டோபர் 1-க்குள் மாற்றிவிட வேண்டும்.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. போர் முடிந்து நாணயம் வந்ததும் மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். ஆனால் மாற்றுவதற்குக் கிடைத்த அவகாசம் மொத்தமே இரண்டு மாதம். அட்டையில் எழுதியிருந்தது ஆங்கிலம். அந்தப் பகுதியில் சுரங்கத்திலும் பண்ணையிலும் கூலிக்கு உழைத்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு தூரத்துக் கிராமத்துக்கு நடந்தே போகிறவர்கள். வெள்ளி நாணயம் என்றால் பத்து வருஷம் பானைக்குள் போட்டுப் புதைத்து வைத்தாலும் வெள்ளி வெள்ளிதான். இந்த அட்டை அப்படியா? அக்டோபர் 2-ம் தேதி அது செல்லாக்காசு. மழையில் நனைந்தால் அதற்கு முன்பே போச்சு.

அவர்களுக்கு ரொக்கம் வேண்டாம் என்று சொல்லும் வசதியும் இல்லை. கம்பெனி 1894 முதலே குடிசை வரி போட்டிருந்தது. ஒரு குடிசைக்கு வருஷம் 10 ஷில்லிங். அந்த வரியைக் கட்டுவதற்காகவே பலர் கூலி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அதாவது காசு தேவைப்படும்படி செய்ததும் கம்பெனிதான், காசு இல்லாதபோது அட்டையைக் கொடுத்ததும் கம்பெனிதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. மாற்றப்படாமல் போன ஒவ்வொரு அட்டையும் கம்பெனிக்கு லாபம். ஒரு காகிதத் துண்டுக்கும் கொஞ்சம் பசைக்கும் ஆன செலவில் 10 ஷில்லிங் கூலி முடிந்துபோகிறது.

சரி, ஏன் தபால் தலை?

நாணயத் தட்டுப்பாடு வந்தால் உலகத்தில் பல ஊர்கள் பல வழிகளைத் தேடியிருக்கின்றன. கடைக்காரர்கள் டோக்கன் கொடுத்தார்கள், நகராட்சிகள் நோட்டு அச்சடித்தன. ஆனால் தபால் தலைக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், அது ஏற்கெனவே பாதி நோட்டுதான்.

அதில் மதிப்பு அச்சாகியிருக்கிறது. அரசாங்கச் சின்னமோ ராஜா தலையோ இருக்கிறது. நுணுக்கமான அச்சு, நீர்க்குறி போட்ட காகிதம், ஓரத்தில் ஓட்டை வரிசை என்று கள்ள அச்சைத் தடுக்கும் ஏற்பாடுகள் எல்லாம் முன்கூட்டியே செய்திருக்கிறார்கள். சின்னச் சின்ன மதிப்புகளில் கிடைக்கிறது. ஊர் ஊராகத் தபால் நிலையங்களில் இருப்பும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், வேறு யாரும் வாங்காவிட்டாலும் கடிதத்தில் ஒட்டிவிடலாம் என்ற ஒரு கடைசித் தைரியம் மக்களுக்கு இருக்கும்.

குறை என்ன? பின்பக்கத்துப் பசைதான். வியர்த்த கையில் நாலு தடவை மாறினால் தபால் தலை சுருண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, வெறும் காகித உருண்டையாகிவிடும். 1862-ல் உள்நாட்டுப் போரின்போது அமெரிக்கர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அங்கே தபால் தலைகளை அப்படியே சில்லறையாகப் பயன்படுத்தினார்கள், ஒட்டிக்கொண்டு பெரிய தொல்லை. பிறகு ஜான் கால்ட் என்பவர் தபால் தலையைப் பித்தளைக் கூட்டுக்குள் வைத்து, மேலே மைக்கா தகட்டை மூடி, நாணயம் மாதிரியே செய்து காப்புரிமை வாங்கினார். காலனி அதிகாரிகளுக்கு அவ்வளவு வசதி இல்லை. அட்டையில் ஒட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நாணயம் ஏன் திடீரென்று மாயமாகிறது?

போர் என்றதும் மக்கள் முதலில் செய்வது கையில் இருக்கும் உலோகத்தைப் பதுக்குவது. நோட்டு நாளைக்குச் செல்லுமோ செல்லாதோ, வெள்ளி எப்படியும் விலைபோகும். எனவே நோட்டைச் செலவழிப்பார்கள், வெள்ளியை வைத்துக்கொள்வார்கள். மோசமான பணம் நல்ல பணத்தைப் புழக்கத்தில் இருந்து விரட்டிவிடும் என்று பொருளாதாரத்தில் சொல்வார்கள். கிரஷாம் விதி என்று பெயர். மக்களைப் பேராசைக்காரர்கள் என்று அரசாங்கங்கள் திட்டும். ஆனால் அவர்கள் பார்வையில் அது ரொம்பச் சரியான முடிவு.

இன்னொரு பக்கம், போருக்கே உலோகம் வேண்டும். செம்பும் நிக்கலும் தோட்டாவுக்கும் இயந்திரத்துக்கும் போய்விடும். உள்ளூர்க்காரர்களுக்கு இதுவே பிரச்சினை என்றால், காலனிகளுக்கு மூன்றாவதாக ஒன்று சேரும்: நாணயச் சாலை வேறு கண்டத்தில் இருக்கிறது. கப்பல் நின்றால் சில்லறையும் நின்றது.

பல்லக்கில் போகும் துரை, பணத்தின் மேலே

முதல் உலகப்போரில் இது பிரெஞ்சுக் காலனிகளுக்கு வந்தது. பிரான்சிலேயே சில்லறை மாயமாகியிருந்த நேரம். 1916-ல் மடகாஸ்கரில் தபால் தலைகளை அட்டையில் ஒட்டி 5 சென்டிம், 10 சென்டிம் முதல் பிராங்க் வரை புழக்கத்தில் விட்டார்கள்.

மடகாஸ்கரில் அப்போது புழங்கிய தபால் தலைத் தொடரில் இருந்த படம் முக்கியமானது. நீளக் கழிகளில் கட்டிய நாற்காலி, அதில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், அதைத் தோளில் தூக்கிப் போகும் ஆட்கள். ஃபிலான்ஸான் என்று அந்தப் பல்லக்குக்குப் பெயர். ஐரோப்பிய அதிகாரிகள் அதில்தான் ஊர் சுற்றுவார்கள். தூக்குகிறவருக்குக் கிடைக்கும் கூலியிலும் அதே படம் இருந்திருக்கும். இதற்கு மேல் காலனி ஆட்சியை ஒரே படத்தில் விளக்க முடியுமா என்று தெரியவில்லை.

போர் முடிந்த பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. 1920-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் இதே மாதிரி அட்டைகள் வந்தன. பின்பக்கம், காலனி முழுக்க இது செல்லும் என்ற அறிவிப்பும் அச்சாகியிருந்தது. பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவிலும் தபால் தலைப் பணம் இருந்தது. இங்கெல்லாம் புலவாயோ போல முற்றுகை எதுவும் இல்லை. வெறும் தட்டுப்பாடுதான், ஆனால் நீண்ட தட்டுப்பாடு.

இந்தியாவில் என்ன நடந்தது?

நம்மிடம் கல்கத்தாவிலும் பம்பாயிலும் நாணயச் சாலைகள் இருந்ததால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் தப்பவில்லை. முதல் உலகப்போரில் வெள்ளி விலை ஏறியதால் 1917-ல் 1 ரூபாய் நோட்டு வந்தது. 1918-ல் இரண்டரை ரூபாய்க்கு ஒரு நோட்டு வந்தது, சரியாகச் சொன்னால் 2 ரூபாய் 8 அணா.

இரண்டாம் உலகப்போரில் இன்னும் மோசம். 1940-லேயே, தேவைக்கு மேல் நாணயம் சேர்த்து வைப்பது குற்றம் என்று அறிவித்தார்கள். 1943-ல் காலணாவின் நடுவில் பெரிய ஓட்டை போட்டு அச்சடித்தார்கள். செம்பை மிச்சம் பிடிக்கத்தான். பழைய காலணாவோடு ஒப்பிட்டால் அதன் எடை பாதிக்கும் குறைவு. நம்ம ஊர்த் தாத்தா பாட்டிகள் சொல்லும் 'ஓட்டைக் காலணா' இதுதான்.

நாணயச் சாலைக்கு வெகு தூரத்தில் இருந்த சமஸ்தானங்கள் தாங்களே வழி தேடிக்கொண்டன. ராஜபுதனத்தில் பூந்தி, கத்தியவாரில் ஜூனாகத், மோர்வி, நவாநகர் போன்ற சமஸ்தானங்கள் தபால் தலை மாதிரிச் சின்ன அட்டைகளை 'கேஷ் கூப்பன்' என்ற பெயரில் வெளியிட்டன. ஒரு பைசா, இரண்டு பைசா என்று மதிப்பு. ராஜாவின் படமோ சமஸ்தானச் சின்னமோ போட்டிருக்கும். இவை நேரடி பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் இல்லைதான், ஆனால் தட்டுப்பாட்டுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாதே.

இலங்கை: கிழித்தால் சில்லறை!

எல்லாவற்றிலும் சாமர்த்தியமான யோசனை இலங்கையில் வந்தது என்பேன்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு மீது ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. நாலு நாள் கழித்துத் திருகோணமலை. தீவு முழுக்க ராணுவம் வந்து இறங்கியது. ஆள் கூடினால் வியாபாரம் கூடும், வியாபாரம் கூடினால் சில்லறை வேண்டும். கப்பல் போக்குவரத்தோ ஆபத்தில்.

1942 ஜூன் 1 என்று தேதியிட்டு ஒரு 5 சத நோட்டு வெளியானது. ஒரு பக்கம் மட்டும் அச்சு. நீல நிறம். அதில் இரண்டு தபால் தலை வடிவங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று 2 சதம், இன்னொன்று 3 சதம். நடுவில் தபால் தலைத் தாளில் இருப்பது போலவே துளை வரிசை. முழுசாகக் கொடுத்தால் 5 சதம். துளை வழியாகக் கிழித்தால் 2 சதம் ஒன்று, 3 சதம் ஒன்று.

ஏன் இரண்டரை இரண்டரையாகப் பிரிக்காமல் 2, 3 என்று பிரித்தார்கள்? அரைச் சதக் கணக்கில் மாட்ட வேண்டாம் என்பது ஒன்று. கையில் இந்த இரண்டு துண்டும் இருந்தால் எந்தச் சில்லறைக் கணக்கையும் முடித்துவிடலாம் என்பது இன்னொன்று. 2, 3, 5 நேரடியாகக் கொடுக்கலாம். 4 சதம் என்றால் 2 சதத் துண்டு இரண்டு. 1 சதம் தர வேண்டுமா? 3 சதத் துண்டைக் கொடுத்துவிட்டு 2 சதத் துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டால் முடிந்தது. ஒரே அச்சில் மூன்று மதிப்பு, அதுவும் போர்க்காலத்தில் காகிதமே கிடைக்காத நேரத்தில். இதை யோசித்த ஆளுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

அதே ஆண்டில் 10, 25, 50 சதங்களுக்கும் நோட்டு வந்தது. பிறகு நிக்கல் பித்தளையில் மலிவான நாணயங்கள் வரத் தொடங்கின. சதுர வடிவ 5 சதம் முதலில், 1944-ல் ஓரம் நெளிநெளியாக இருக்கும் 2 சதமும் 10 சதமும். உலோக 2 சதம் கைக்கு வந்த பிறகு கிழிக்கும் நோட்டுக்கு வேலை இல்லாமல் போனது.

புலவாயோ அட்டைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே அட்டை என்பது பிறகு ரொக்கம் தருகிறோம் என்ற வாக்குறுதி, அதற்கும் கெடு தேதி. இலங்கையில் அரசே வெளியிட்ட முறையான நோட்டு.

இப்போது இவை எங்கே இருக்கின்றன?

பெரும்பாலும் சேகரிப்பாளர்களிடம். தபால் தலை சேர்ப்பவர்களும் நோட்டு சேர்ப்பவர்களும் போட்டி போட்டு வாங்குவதால் விலை ஏறிக்கொண்டே போகிறது. அதனாலேயே மார்ஷல் ஹோல் அட்டைகளில் போலிகளும் நிறைய. காரணம் எளிது. அந்தக் காலத்து அசல் தபால் தலைகள் இன்றும் கிடைக்கின்றன. பழைய அட்டையில் அதே வாசகத்தை அச்சடித்து அசல் தபால் தலையை ஒட்டிவிட்டால் பாதிப் போலி தயார். எனவே விவரம் தெரிந்தவர்கள் தபால் தலையைப் பார்ப்பதைவிட அட்டையின் அச்செழுத்தையும் முத்திரையையும் கையெழுத்தையும்தான் உற்றுப் பார்ப்பார்கள். ஆன்லைனில் யாராவது இதை மலிவு விலைக்குத் தந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

கடைசியாக, புலவாயோ பற்றி இன்னொரு தகவல். 2009 ஜனவரியில் ஜிம்பாப்வே 100 டிரில்லியன் டாலர் நோட்டு வெளியிட்டது நினைவிருக்கலாம். 1-க்குப் பின்னால் 14 பூஜ்ஜியங்கள். அதே ஆண்டு சொந்தப் பணத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறினார்கள். நோட்டுகள் வந்தன, ஆனால் அமெரிக்க சென்ட் நாணயங்களை யாரும் கப்பலேற்றி அனுப்பவில்லை. மீதிச் சில்லறைக்குப் பதிலாகக் கடைகளில் மிட்டாய், பேனா, துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். 2014 டிசம்பரில் மத்திய வங்கி 'பாண்ட் காயின்' என்ற பெயரில் 1, 5, 10, 25 சென்ட் நாணயங்களை வெளியிடும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல், சூப்பர் மார்க்கெட் கவுன்டரில் அதுதான் சில்லறை.